ஒன்பது படிகளும் இரண்டு ஸ்பீக்கர்களும்

எங்கள் வீட்டில் இரண்டு மடி, அதாவது தீட்டுப் படாத ஆசாரச் சுத்தம், இருந்தன. ஒன்று என்னுடையது. அது தளிகை உள் என்கிற சமையலறையோடு சரி. காலையில் குளித்து, பெருமாளுக்கு அமுது பண்ணி முடித்தால் அதன் வேலை முடிந்தது. இன்னொன்று என் வீட்டுக்காரரின் மடி. அது ஹால் முழுக்கப் பரவி, நாள் முழுக்க விறைத்துக்கொண்டு நின்றது.

அவர் பெயர் பார்த்தசாரதி, ஊருக்கு பாச்சு. அந்தப் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுத்தில் தடை ஒன்றும் இல்லை என்பதால் பாச்சு என்றே எழுதுகிறேன். மைசூரில் ரயில்வே உத்தியோகம். யோக்கியர். காப்பியைத் தவிர ஒரு பழக்கம் கிடையாது. ஆனால் காலேஜில் படிக்கும்போது எவனோ அவர் காதில் இங்கிலீஷ் ராக் பாட்டை ஊதிவிட்டுப் போய்விட்டான். நீள முடி வைத்த நாலைந்து பேர் கிடாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி பாடுவார்களே, அதுதான். அந்தக் குழுக்களின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தப்பாக எழுதியிருக்கிறேன் என்பார்.

பாட்டு கேட்பது குற்றமில்லை. விஜயநகரில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் டேப் ரெக்கார்டர் பாடிக்கொண்டுதான் இருந்தது. பாச்சுவுக்கு அதெல்லாம் போதாது. ஸ்டூடியோவில் அவர்கள் வாசித்தது ஒரு துளிகூடச் சிந்தாமல் இவர் காதுக்கு வந்து சேர வேண்டும். கேசட் என்றாலே முகம் சுளிப்பார். "அது எச்சில், கனகா. ஒருத்தன் குடிச்ச டம்ளர்ல இன்னொருத்தன் குடிச்சு, அதை நமக்கு நீட்டறான்" என்பார். ஒரிஜினல் எல்.பி. இசைத்தட்டு என்றால் மடி. வெளிநாட்டில் அச்சான சி.டி. பட்டு மடி. குடகில் எந்தக் காப்பித் தோட்டக்காரர் வீட்டைக் காலி செய்கிறார் என்று விசாரித்து, பஸ் ஏறிப் போய், பழைய தட்டுகளைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவருவார். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் பாதி இவருடைய சி.டி.தான்.

இனி, அந்த மடியின் ஆசாரங்கள். தட்டை ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கலாம். பிடிப்பதற்கு முன் கை கழுவி, துடைத்து, உலர்த்த வேண்டும். பாட்டு ஓடும்போது ஃபேன் கூடாது, குக்கர் விசில் கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்விட வேண்டும். சுவரோரம் தேக்கில் செய்த இரண்டு ஸ்பீக்கர்கள், என் தோள் உயரம். அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸ் அடையாளம். அந்த ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தான் பாடகர் எங்கே நிற்கிறார், டிரம்ஸ்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியுமாம். நான் வீடு துடைக்கும்போது அந்த அடையாளத்தைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும்.

தசரா என்றால் ஊரே விளக்கைப் போட்டுக்கொண்டு ஜொலிக்கும். வீட்டுக்கு வீடு பொம்மை வைப்பார்கள். என் கல்யாணத்தில் அம்மா கொடுத்த பட்டத்து ராஜா ராணி மர பொம்மைகளும், தசாவதார செட்டும், செட்டியார் கடையும், ஸ்பீக்கர்கள் வந்த நாளிலிருந்து பரண்மேல்தான் கிடந்தன. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஆனால் தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆவணியில் ஒரு காரியம் நடந்தது. அதற்கப்புறம் பொறுப்பது என்ற பேச்சே இல்லை.

இத்தனை செய்தும் பாச்சுவுக்குச் சத்தம் சரியாக வரவில்லை. வெறும் சுவரில் முட்டி எதிரொலிக்கிறதாம். கீழ் ஸ்வரங்கள் எல்லாம் தவில் மாதிரி கும்மென்று ஒன்றாகிவிடுகின்றனவாம். கம்பளி தொங்கவிட்டார். என் ஜமக்காளத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இவருக்குக் கிச்சா என்று ஒரு சிநேகிதர், பாங்க் உத்தியோகஸ்தர், அதே பைத்தியம். அவர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருக்கிறார். ஒரு ஸ்டூடியோவின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்ததாம்.

பாச்சு மறுநாளே தேவராஜ மொஹல்லாவுக்குப் போய், முட்டை வியாபாரியிடம் காலி அட்டைகளைக் கட்டுக் கட்டாக வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்துவிட்டார். பெட்ஷீட்டில் சுற்றியதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். குடியைக் கெடுத்தது அந்தச் சாமர்த்தியம்தான். நான் பிரித்துப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏன்னா, இந்தாத்துல பெருமாள் எழுந்தருளியிருக்கார், ஞாபகமிருக்கா?"

"சும்னே கத்தாதே கனகா. வெறும் அட்டைதானே. முட்டையா கொண்டு வந்தேன்?"

"வெளில போகணும். இப்பவே போகணும்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் எல்லாரும் வாசலில் இருந்தார்கள். பழைய பேப்பர்க்காரர் வந்தார், அட்டைகளை ஒரு கோபுரமாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு நடையில் தீரவில்லை, திரும்பி வந்து இன்னொரு கோபுரம் கொண்டுபோனார். உள்ளே வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஐயங்கார் வீட்டிலிருந்து காலி முட்டை அட்டைகள் மலைமலையாக வெளியே போவதைத்தான் தெரு பார்த்தது. அவை வரும்போதே காலியாகத்தான் வந்தன என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி கிடையாது.

இரண்டு வீடு தள்ளி இருந்த கமலம்மாள் மாமி அப்போது வாசலில் கறிகாய் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட். அவர் ஒரு வீட்டில் மோர் குடித்தால் அந்த வீடு நல்ல வீடு.

"என்னடி கனகா இது?" என்றார்.

"ஒண்ணுமில்லை மாமி. இவர் பாட்டுக்காக..."

"பாட்டுக்கா?" மாமி கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டார். "தொண்டைக்குப் பச்சையாவா குடிக்கறார்?"

ஸ்பீக்கர், சுவர், எதிரொலி என்று நான் ஆரம்பிக்க, மாமி தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டில் தினம் எத்தனை முட்டை செலவாகிறது என்று தெருவே கணக்குப் போட்டுவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டால் ஒருத்திக்கு ஏகாதசி, ஒருத்திக்கு வயிறு சரியில்லை, ஒருத்தி இப்போதுதான் சாப்பிட்டாள். எத்தனை ஏகாதசி! பஞ்சாங்கத்திலேயே அத்தனை இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனால் அப்போது எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் ஒரு பண்டம் செய்தால் அதை நாலு பேர் சாப்பிட வேண்டும். பிறந்ததிலிருந்து வேறொரு பெருமை எனக்குக் கிடையாது.

புரட்டாசி பிறந்ததும் பாச்சுவிடம் சொன்னேன். "இந்த வருஷம் ஹால்ல கொலு வைக்கப்போறேன். தெருவே வரணும். என் கையால சாப்பிடணும்."

"ஹால்லயா? ஸ்பீக்கருக்கு நடுவுலயா? கனகா, அது சவுண்டையே கொன்னுடும்!"

"முட்டை அட்டை கொண்டு வந்தது யாரு?"

பாவம், பரணுக்கு ஏணி போட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஹாலை மட்டுமில்லை, அரண்மனையையே கேட்டு வாங்கியிருப்பேன்.

அமாவாசையன்று இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒன்பது படி கட்டினேன். கீழே டிரங்குப் பெட்டிகள். அவை நிறைய பழைய புடவைகள். இடுக்குகளில் சுருட்டிய மெத்தைகளும் தலையணைகளும். மேலே பலகை, பலகைக்கு மேல் இவருடைய சலவை வேஷ்டிகள். ராஜா ராணி மேல்படி நடுவில். அடுத்து தசாவதாரம். அப்படியே இறங்கி, கடைசிப் படியில் செட்டியார் கடை விரித்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் அந்தத் தேக்குப் பெட்டிகள் துவாரபாலகர் மாதிரி நின்றன. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சாக்பீஸ் அடையாளத்தின் மேலேயே பாயை விரித்தேன்.

முதல் நாள் சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, உருளி நிறையக் கடலைச் சுண்டலோடு உட்கார்ந்தேன். தெரு முழுக்க மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்திருந்தேன். விளக்கேற்றி வெகுநேரம் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. வந்தது கிச்சா மட்டும்தான். ஒரு ஆண்பிள்ளைக்குக் குங்குமம் கொடுத்து நான் என்ன செய்ய? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"போடுங்கோ உங்க பாட்டை" என்றேன். "தாராளமா போடுங்கோ. கேக்கறதுக்கு இந்தாத்துக்கு யாரும் வரப்போறதில்ல."

பாச்சு பயந்துகொண்டே கை கழுவி வந்து, ஒரு சி.டி.யைப் போட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டதால் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. இவர் முகம் மாறியது. வாய் திறந்தது, மூடவில்லை.

"கிச்சா," என்றார் மெதுவாக. "பாடகர் எங்க நிக்கறார் பாரு."

கிச்சாவும் பாயில் உட்கார்ந்தார். "ராஜா ராணிக்கு முன்னாடி," என்றார்.

"டிரம்ஸ்?"

"கூர்மாவதாரத்துக்குப் பின்னாடி. டேய் பாச்சு, ஒவ்வொரு தட்டும் தனித்தனியா விழறதுடா. கும்முனு இல்லவே இல்ல!"

இருவரும் எழுந்து படிகளைத் தட்டிப் பார்த்தார்கள், பெட்டியைத் திறந்து புடவைகளை அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு எனக்கு விளக்கினார்கள். பொம்மைகளின் மேடு பள்ளத்தில் பட்டு எதிரொலி உடைந்து சிதறிவிடுகிறதாம். அந்தக் கும் சத்தத்தை மெத்தையும் புடவையும் குடித்துவிடுகின்றனவாம். இதற்கென்றே வெளிநாட்டில் மரத்தில் செய்து ஏகப்பட்ட விலைக்கு விற்கிறார்களாம். பாச்சு என் கொலுவை முதல் முறையாக அடி முதல் நுனி வரை பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைடா" என்றார் கிச்சா. வைத்தார். ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. அதில்தான் கமலம்மாள் மாமி வந்து சேர்ந்தார்.

கொலுவுக்கு வரவில்லை அவர். சண்டைக்கு வந்தார். "நவராத்திரியும் அதுவுமா என்ன கூத்து இது?" என்று கேட்டுக்கொண்டே வாசற்படி தாண்டியவர், கொலுவைப் பார்த்து நின்றுவிட்டார். பாச்சு பாட்டை நிறுத்தினார். கொலு வைத்த வீட்டுக்குள் ஒரு சுமங்கலி வந்துவிட்டால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் குங்குமத்தை நீட்டினேன். மாமி இட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. "உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுங்கோ மாமி" என்றேன். அதையும் மறுக்க முடியாது. தொண்டை கட்டியிருக்கிறது என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிட்டு, மாமி பாயில் சரியாக அந்தச் சாக்பீஸ் இடத்தில் உட்கார்ந்து கல்யாணியில் ஆரம்பித்தார்.

மாமியின் குரல் தெருவுக்கே தெரியும். ஞானம் உண்டு, குரல் மட்டும் கொஞ்சம் அரம். அன்றைக்கு என்னவோ அந்தக் குரல் கனிந்து, உருண்டு, ஹால் முழுக்க நிறைந்து நின்றது. ஒரு வரி பாடிவிட்டு மாமி சட்டென்று நிறுத்தினார். பாடியது யார் என்பது போல் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இன்னொரு வரி. அப்புறம் நிறுத்தவே இல்லை. கொலுவுக்கு ஒரு பாட்டுத்தான் வழக்கம். மாமி நாலு பாடிவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் மாமி நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார், தன் பாட்டைக் கேட்பதற்கு. அவர்களும் ஆளுக்கொன்று பாடினார்கள். பாடியவர்கள் எல்லாருக்கும் தங்கள் குரல் பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் உட்கார இடமில்லை. பாச்சு தன் சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு தளிகை உள்ளில் காத்திருப்பார். அவர்கள் எப்போது போவார்கள், தான் எப்போது உட்காரலாம் என்று. இடையில் பொம்மைகள் இடம் மாற ஆரம்பித்தன. ஒரு நாள் பார்க்கிறேன், கடைசிப் படிச் செட்டியார் வராகத்துக்கும் நரசிம்மத்துக்கும் நடுவில் கடை போட்டிருக்கிறார்.

"இது என்ன அக்கிரமம்னா? தசாவதாரம் பதினொண்ணா ஆயிடுத்தா?"

"கிடார் கொஞ்சம் கூசறது கனகா. செட்டியாருக்குத் தொந்தி இருக்கோல்லியோ, அது வாங்கிக்கறது."

செட்டியாரைக் கீழே இறக்கினேன். மறுநாள் மறுபடி ஏறியிருந்தார்.

எனக்கு இதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பால்காரர் கெம்பையன் ஒரு வார்த்தை சொல்லும்வரை. ஆறாம் நாள் காலையில் பால் ஊற்றும்போது அவர் வாய் நிறையச் சிரித்தார். "அம்மா, உங்க சுண்டலு தும்ப சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு. என் பசு பால் ஜாஸ்தி கொடுக்குது!"

"பசுவா?"

"ஆமாம்மா. தெருவுல எல்லார் வீட்லயும் அதுக்குத்தானே போடறாங்க."

சொம்பை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வந்தவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டார்கள், குங்குமம் இட்டுக்கொண்டார்கள், வயிறு நிறையப் பாடினார்கள். சுண்டலை மட்டும் "ஆத்துக்குப் போய்ச் சாப்பிடறேன்" என்று பொட்டலமாக வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தனையும் பசுவுக்கு. என் ஹால் அவர்களுக்கு வேண்டும், என் கை வேண்டாம்.

பாச்சுவிடம் சொன்னேன். "நான் வேணா ஒவ்வொரு ஆத்துக்கும் போய் அந்த அட்டை விஷயத்தைச் சொல்லட்டுமா?" என்றார். அவர் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து, வேண்டாம் என்றேன். ஆனால் கேட்டாரே, அது எனக்குப் போதுமாக இருந்தது. சுண்டல் பண்ணுவதை நான் நிறுத்தவில்லை. பசுவுக்கு அதிர்ஷ்டம்.

விஜயதசமி வந்தது. அன்று சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டால் கொலு முடிந்தது என்று அர்த்தம். பிறகு எடுத்துக் கட்டி வைத்துவிடலாம். தெரு முழுக்க வந்துவிட்டது. கமலம்மாள் மாமி மயில்கழுத்துப் பட்டில், தொண்டைக்கு மிளகுப் பால் குடித்துவிட்டு, ஒரு பெரிய தோடி பாடுவதாகத் தயாராக வந்திருந்தார். சாக்பீஸ் இடத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

நான் எழுந்து போய் மேல்படியிலிருந்த ராஜாவைப் படுக்கவைத்தேன். பக்கத்தில் ராணியைப் படுக்கவைத்தேன். மச்சாவதாரத்தை எடுத்துப் பழைய துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

"என்னடி இது, அதுக்குள்ள?" என்றார் மாமி.

"முடிஞ்சுடுத்து மாமி. படியையும் இப்பவே பிரிச்சுடறேன்."

"பேடா, வேண்டாம் கனகா!" என்று தளிகை உள்ளிலிருந்து ஒரு கூக்குரல். பாச்சு சி.டி.யோடு அதன் நிலைப்படியில் நின்றார். "படி இருக்கட்டும்! தீபாவளி வரைக்குமாவது இருக்கட்டும்!"

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார் மாமி. பாச்சு சொன்னதில் நியாயம் இருப்பதாக மாமி சொன்னது அதுவே முதல் தடவை. "நான் இன்னும் பாடவே இல்லையே."

மச்சத்தைக் கீழே வைத்தேன். "படி இருக்கலாம் மாமி. தீபாவளி வரைக்கும் தினம் வந்து பாடலாம். ஆனா இங்க பாடறவா இங்க சாப்பிடணும். பசுவுக்கு நான் தனியா வெச்சுடறேன்."

ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பாச்சு விரும்புகிற மாதிரியே இருந்தது. நான் ஒரு தட்டில் சுண்டலை வைத்து மாமிக்கு முன்னால் வைத்தேன். பொட்டலம் கட்டப் பேப்பர் வைக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் மாமியையே பார்த்தார்கள். மாமி தட்டைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார். தரையில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் அறுபது வருஷத்து ஆசாரம், இன்னொரு பக்கம் தோடி. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் அதற்கப்புறம் நான் யார் முகத்தில் விழிப்பேன்?

மாமி ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொன்று. பிறகு ஒரு பிடி.

"உப்பு கம்மி" என்றார்.

மாமி மறுபடி ஒரு பிடி போட்டுக்கொண்டார். "தேங்காய் போறாது. மாங்காய் துருவிப் போட்டிருக்கலாமே. இத்தனை நாளா இப்படியா பண்ணிண்டிருந்தே? என்ன பாத்துண்டு நிக்கறே, போய் உப்புக் கொண்டு வா."

நான் தளிகை உள்ளுக்கு ஓடினேன். உப்புச் சம்புடத்தைத் திறந்தேன். ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மறைத்துவிட்டது. அந்நியர் வீட்டுச் சுண்டலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வாங்கிக்கொண்டு போய்ப் பசுவுக்குப் போடுவார்கள். ஹாலில் தட்டுகள் கை மாறும் சத்தம் கேட்டது. "ஆமாம், உப்பு கொஞ்சம் மட்டுத்தான்" என்று ஒவ்வொருத்தியாகச் சொல்வதும் கேட்டது.

பாச்சு பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஏன் அழறே? அவா என்ன சொன்னா?"

"உப்பு கம்மியாம்," என்றேன்.

"இதுக்கா அழறே? விடு கனகா, மாமி எப்பவும் அப்படித்தான். எனக்கு உன் சுண்டல்ல எப்பவும் உப்பு சரியாத்தான் இருக்கு."

ஒரு துளி சத்தம் சிந்தினால் கண்டுபிடிக்கிற காது அவருடையது. இது அந்தக் காதில் விழவில்லை. உப்பை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு, முகத்தைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மாங்காய் இருக்கிறதா பார்க்கச் சொல்லி அவரைத் தோட்டத்துக்கு அனுப்பினேன்.